மேனேஜர் தலையில் கேட்ட தீ

சபையாரே, நான் கேட்ட ஜெபத்துக்கு ஆண்டவர் பதில் தர வந்தப்ப, வேண்டாம்னு அலறினவன் நான். அந்தச் சாட்சியத்தான் எழுதுறேன்.

பாளையம்பட்டிப் பக்கம் பிளாஸ்டிக் கவர் அச்சடிக்கிற கம்பெனியில எனக்கு வேலை. மையைக் கரைக்கத் தின்னர் ஊத்துவோம். நம்ம ஊர்ப் புழுதி ஈர மையில ஒட்டுதுன்னு மேனேஜர் சிவகுருநாதன் ஜன்னல் எல்லாத்தையும் தகரம் வச்சு அடைச்சுட்டார். உள்ளே தின்னர் ஆவி தேங்கித் தலை சுத்தும்.

"சார், ஒரு பொறி பட்டா கட்டடமே வெடிச்சுரும்"னேன்.

"வெடிச்சா நீதான் நேரா பரலோகம் போயிருவியே ஞானதுரை, ஒனக்கென்ன கவலை"ன்னு எல்லார் முன்னாடியும் சிரிச்சார்.

ஊரைச் சிரிக்க வைக்கிறவன் நான். என்னை வச்சு இன்னொருத்தர் சிரிச்சா பொறுப்பேனா? உபவாச ஜெபத்துல எல்லாரும் மழை கேக்க, நான் மட்டும் அவர் தலையில அக்கினி கேட்டேன். மீசையிலருந்து ஆரம்பிக்கட்டும்னு வழியும் சொல்லிக் குடுத்தேன்.

போன சித்திரையில ஒரு மத்தியானம். மிஷினை நிறுத்திட்டுச் சாப்பிடப் போற நேரம், தின்னர் பேரல் குழாய் உடைஞ்சு தரையெல்லாம் ஓடிருச்சு. கூட வேலை பாக்குற செல்வம் வாசல்ல நின்னு, "ஏலே, வெளிய வாலே"ன்னு கத்துறான். எனக்குக் கால் நகரல. மேனேஜர் மூக்கைப் பொத்திக்கிட்டு வந்தார். "நாத்தம் தாங்கல, ஃபேனைப் போடுறேன்"னு சுவிட்ச் பக்கம் போனார்.

சுவிட்சுல ஒரு பொறி போதும். கேட்ட அக்கினி வரப்போகுது. நானும் உள்ளே நிக்கிறேன்.

"ஆண்டவரே, அந்த ஜெபத்தை வாபஸ் வாங்கிக்கிறேன், நானும் இதே கட்டடத்துலதான் இருக்கேன்"னு கத்தினேன். வாயிலருந்து வந்தது ஆட்டுக்குட்டிச் சத்தம்தான்.

மேலே டியூப் லைட்டு அணைஞ்சுது. கரண்டு போயிருச்சு. அடுத்த நொடி மேனேஜர் சுவிட்சைத் தட்டினார். ஃபேன் அசையல.

திரும்பக் கரண்டு வந்தா அம்புட்டுத்தான். அப்பத்தான் எனக்குக் காலே வந்துச்சு. அவர் காலரைப் பிடிச்சுத் தரதரன்னு வெளியே இழுத்தேன். அந்த இழுப்புல பழைய கோபமும் கொஞ்சம் இருந்துச்சு. வெளிகேட் பக்கம் இருந்த மெயின் சுவிட்சை ஓடிப்போய் இறக்கினேன்.

உயிரோட வீடு போய்ச் சேந்தேன். பொஞ்சாதியும் நானும் முழங்கால் போட்டு அழுதோம்.

இப்ப எல்லா ஜன்னலும் திறந்திருக்கு. தகரத்தை நான்தான் பிடுங்கினேன், மேனேஜர் மேசைக்கு நேரா இருந்ததை முதல்ல.

"மன்னிச்சிட்டியா?"ன்னு பாஸ்டர் கேட்டார்.

"தண்டனையைக் குறைச்சிருக்கேன் ஐயா"ன்னேன்.

அக்கினி கேக்குறதை விட்டுட்டேன். புழுதிக் காத்து மட்டும் கேக்குறேன். தினம் சாயங்காலம் தவறாம அவர் வெள்ளைச் சட்டையில வந்து இறங்குது. ஸ்தோத்திரம்.

நீங்களும் நம்பிக் கேளுங்க, தருவார். தீ கேக்குறவங்க மட்டும் முதல்ல கட்டடத்தை விட்டு வெளியே வந்துருங்க.