அணைக்கு நன்றி சொல்லும் பேனர்

புது வீட்டு கிரகப்பிரவேச பேனருக்காக இன்னைக்கு மலைக்கோட்டை பக்கம் ஒரு ஃபிளெக்ஸ் கடையில உக்காந்திருந்தேன்.

எனக்கு முன்னாடி வந்தவர் மலைமேல அணை இருக்கிற ஊர்க்காரர். அவரோட பேனர் ஸ்கிரீன்ல இருந்துச்சு.

"எங்கள் வாழ்வில் ஒளியேற்றிய நீர்மின் நிலையமே, நன்றி!"

பின்னாடி பளபளன்னு ஏதோ வெளிநாட்டு அணை.

"உங்க ஊரு அணையையே போடலாமேங்க"ன்னேன்.

"எந்த அணையா இருந்தா என்னங்க?" ஸ்கிரீன்ல தண்ணிக்கு நடுவுல விரலை வச்சார். "எங்க வீடு இப்படித்தான் அடியில கிடக்கு. அணை கட்டுறப்ப எங்களை மேட்டுக்கு ஏத்தி விட்டாங்க. அங்க இன்னும் தெருவிளக்கு வரல."

"அப்புறம் எதுக்குங்க நன்றி?"

"நாளைக்கு நிலையத்து ஆண்டுவிழா. அதிகாரிங்க வருவாங்க. இதைப் பாத்து மனசு குளிர்ந்தா, விளக்கு கேட்டு மனு குடுக்கலாம்னு."

கம்ப்யூட்டர்ல இருந்த பொண்ணு திரும்பி, "அண்ணே, போன வருஷ ஃபைல்தானே? தேதியை மட்டும் மாத்திடவா?"ன்னு கேட்டுச்சு.

"ஆமாம்மா. மனுவுலயும் அதை மட்டும்தான் மாத்தியிருக்கோம்."

கிளம்புறப்ப, "ஃபைலை அழிச்சிராதம்மா"ன்னு வேற சொல்லிட்டுப் போனார்.

உங்க ஊர்ல எந்த பேனருக்குங்க வருஷாவருஷம் தேதி மட்டும் மாறுது?