சுவரில் முறுக்கிய அக்கார்டியன்

அந்த ஐரிஷ்காரன் செத்த கையோடு அவனுடைய அக்கார்டியனைச் சுவரில் ஏற்றிவிட்டார்கள். டோர்ட்மண்டில் நான் சமைக்கிற ஐரிஷ் பாரில்தான். முதலாளி ஜெர்மன்காரன். விடுமுறைக்கு ஒருமுறை அயர்லாந்து போய் வந்ததோடு அவனுக்கும் அந்த நாட்டுக்கும் உள்ள உறவு சரி. அதன் மடிப்புத் துருத்தியை மூடி மாட்டினால் வெறும் பெட்டி மாதிரித் தெரிகிறதாம். அதனால் அகல விரித்து, மடிப்புகளுக்குள்ளேயே இரண்டு திருகாணிகளை முறுக்கியிருந்தான். கீழே ஒரு பித்தளைத் தகடு: 'எங்கள் இசைஞர்'.

எங்களாம்! உயிரோடு இருந்தபோது அவனுக்குக் கிடைத்தது கழிவறைக் கதவுக்குப் பக்கத்து மேசை. உதைபந்தாட்டம் காட்டுகிற நாட்களில் வரவேண்டாம் என்பார்கள். பகலில் கட்டிட வேலை, செவ்வாய் மாலைகளில் இங்கே வாசிப்பு. வயலின் வாசிக்கும் அவன் மனைவியும் இரண்டொரு கூட்டாளிகளும் மேசையைச் சுற்றி உட்காருவார்கள், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்டு வாசிப்பதுதான் அவர்கள் வழக்கம். யாராவது கை தட்டித் தாளம் போட்டால் அவன் நடுவிலேயே நிறுத்திவிட்டு பியரை எடுத்துக் குடிப்பான். நல்ல மனிதன் என்று சொல்லமாட்டேன். என் சமையலை ஒருநாளும் மெச்சியதில்லை. ஆனால் வாசிக்கத் தெரிந்தவன்.

நோய் முற்றியபின் அக்கார்டியனின் பாரத்தை வீட்டுப் படியில் தூக்கிப்போக முடியாமல் பாரிலேயே விட்டிருந்தான். பான் நகரத்தில் இருக்கிற கூட்டாளிக்கு அதைக் கொடுக்கச் சொல்லித்தான் செத்தான். பாரில் வைத்த நினைவு நிகழ்ச்சிக்கு மனைவி அந்தக் கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். சுவரைப் பார்த்தாள்.

"அதைக் கழற்றிக் கொடுங்கள். இவர் வாசிக்க வேண்டும்."

"அது இப்போது இந்த இடத்தின் பாரம்பரியம்," என்றான் முதலாளி. சொல்லிவிட்டு ஒலிபெருக்கியில் ஏதோ ஐரிஷ் பாட்டைப் போட்டான். கூட்டம் கை தட்டியது. அவள் கழிவறைப் பக்கத்து மேசையில் போய் உட்கார்ந்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சமையலறைக்குப் போய் இழுப்பறையைக் கிளறி, திருகாணி கழற்றுகிற திருப்புளியை எடுத்தேன். பாத்திரம் கழுவுகிற அக்கா திரும்பிப் பார்த்தார்.

"திருப்புளியோடை எங்கை போறியள்?"

"உந்த அக்கார்டியனைக் கழட்டப் போறன்."

"விசரே உங்களுக்கு? வேலை போயிடும்."

"போகட்டும். உவனுக்கு ஆர் சமைக்கிறது எண்டு பாப்பம்."

"அப்ப நில்லுங்கோ, ஏணி பிடிக்கிறன்."

நான் ஏணியில் ஏறியதும் அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கூட்டம் கை தட்டியது. மூளை உள்ளவன் ஒருவன்கூட இல்லை. முதலாளி மட்டும் பக்கத்தில் வந்து, "நாளையிலிருந்து வராதே," என்று பல்லைக் கடித்தான்.

இறக்கி மூடியபோது இரண்டு ஓட்டைகளாலும் காற்று சீறியது. ஃப்ரீசரில் வைக்கிற சாமான்களுக்கு ஒட்டுகிற டேப்பை அக்கா கொண்டுவந்தார். மனைவி ஓட்டைகளை அடைத்து, கூட்டாளியின் மடியில் வைத்தாள். கழிவறைப் பக்கத்து மேசையில், எங்களுக்கு முதுகைக் காட்டி, அவர் வாசிக்கத் தொடங்கினார். கொஞ்சம் மூச்சு வாங்கினாலும் சத்தம் வந்தது.

யாரோ ஒருவன் கை தட்டத் தொடங்கினான்.

அவர் நடுவிலேயே நிறுத்திவிட்டு பியரை எடுத்தார்.