ரிப்பன் வெட்ட மறுத்த ஐலா அம்மா

1. முதல் நாள் பாடம்

டூரிஸ்ட் வண்டியின் சாவியை என் கையில் கொடுத்த முதல் நாள், எங்கள் முதலாளி ஒரே ஒரு பாடம்தான் சொன்னார்.

"ஏலே பாண்டி, பார்ட்டி எதைக் கேட்டாலும் தெரியாதுன்னு மட்டும் சொல்லிராத. தெரியாதுங்கிற டிரைவருக்கு ரெண்டாவது ட்ரிப் கெடையாது."

வண்டியில் ஏறுகிறவர் யாராக இருந்தாலும் எங்கள் தொழிலில் அவர் 'பார்ட்டி'தான். முப்பத்தொரு வருடம் அந்தப் பாடத்தைக் காப்பாற்றினேன். எந்தப் பழைய கட்டடத்தைக் காட்டிக் கேட்டாலும் "வெள்ளைக்காரன் காலத்தது" என்பேன். பாதிக்குப் பாதி சரியாக இருக்கும். ஒருமுறை டெல்லிக் குடும்பம் ஒன்றுக்கு ஒரு ஓட்டுக் கட்டடத்தைக் காட்டி, ராஜா வேட்டைக்கு வந்தால் தங்கும் இடம் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் இறங்கிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து மாட்டு டாக்டர் வந்து, "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டார்.

இன்று தேனியில் எனக்குச் சொந்தமாக இரண்டு வண்டி ஓடுகிறது. புதிதாக ஸ்டியரிங் பிடிக்கும் தம்பிகளுக்கு நான் முதலாளியின் பாடத்தைச் சொல்வதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2. மாப்பிள்ளையின் கோபம்

என் மனைவி பஞ்சவர்ணத்தின் தம்பி சுருளி. எங்கள் பக்கம் மச்சினனையும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவோம். கோம்பைக்குப் பக்கத்தில் ஓடைக்கரைப்பட்டி என்ற சின்ன ஊரில் தென்னந்தோப்பும் திராட்சையும் வைத்திருக்கிறான். ஊரில் நாலு பேர் மதிக்கும் ஆள். என்னோடு அப்போது ஒன்றரை வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

தப்பு என்னுடையதுதான். என் மகள் முத்துலட்சுமி கல்யாணப் பத்திரிகையில், தாய்மாமன் என்று முதலில் வரவேண்டிய அவன் பெயர் கடைசி வரியில், மொய் எழுதுகிறவர் பெயருக்கு மேலே போய்விட்டது. சீசன் நேரம். நான் தேக்கடி ட்ரிப்பில் இருந்துகொண்டு ப்ரூப் பார்க்காமல் போனிலேயே "சரி, அடிங்க" என்று சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்கு வந்தான், சீர் செய்தான், சாப்பிடாமல் போனான்.

அப்போது முத்துலட்சுமிக்கு ஏழாம் மாதம். அடுத்த புதன்கிழமை வளைகாப்பு. தாய்மாமன் சீர் வராமல் பிள்ளையைச் சபையில் உட்கார வைத்தால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? அதைவிட, மகள் தினமும் போனில் "மாமா வருவாகளாப்பா?" என்று கேட்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த வாரத்தில்தான் மதுரை விமான நிலையத்தில் ஐலா அம்மாவை ஏற்றினேன்.

3. கட்டிலைப் பற்றி இருபத்தேழு வருடம்

ஐலா அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். ஸ்காட்லாந்தில் ஒரு சிறு கிராமம் அவர் ஊர். அங்கே பிறந்த ஒரு கவிஞரால்தான் அந்த ஊருக்கு உலகத்தில் பெயர். கவிஞர் பிறந்த கூரை வீட்டை அப்படியே வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டில் இருபத்தேழு வருடம் கைடாக இருந்து ஓய்வு பெற்றவர் இவர். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

"மண் சுவர், வைக்கோல் கூரை. மனிதருக்கும் மாட்டுக்கும் ஒரே கூரைதான். அடுப்படிச் சுவரோரம் ஒரு கட்டில், அதில்தான் பிறந்தார். பிறந்த சில நாளில் புயலடித்துச் சுவர் சரிந்தது. தாயையும் பிள்ளையையும் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்."

கவிஞரின் பிறந்த நாளில் ஊரே கூடி விருந்து சாப்பிடுமாம். ஆட்டு வயிற்றுக்குள் கறியை அடைத்து வேகவைத்து, அதைத் தட்டில் கொண்டுவந்து வைத்து, ஒருவர் எழுந்து அந்தக் கறியைப் பார்த்தே ஒரு முழுப் பாட்டுச் சொல்வாராம். அதற்குப் பிறகுதான் சாப்பாடு. எங்கள் பக்கம் கறி விருந்தில் இலை போட்ட பிறகு யாராவது பாட்டு ஆரம்பித்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

தேக்கடி போகிற வழியில் கம்பம் தாண்டும்போது அவர் கேட்டார். "பாண்டி, உங்கள் பள்ளத்தாக்கில் கவிஞர் யாரும் பிறந்திருக்கிறாரா?"

விடுவேனா? "இருக்காரும்மா. கும்மிக் கவிராயர். வீரபாண்டித் திருவிழாவில் பெண்கள் கும்மியடித்துப் பாடுவதெல்லாம் அவர் பாட்டுத்தான். என் மாப்பிள்ளை ஊரில் பிறந்தவர்" என்றேன்.

உண்மையிலேயே ஓடைக்கரைப்பட்டியில் மறுநாள் வெள்ளிக்கிழமை 'கும்மிக் கவிராயர் பிறந்த ஊர்' என்று ஊர் வாசலில் இரும்பு ஆர்ச்சு திறக்கப்போகிறார்கள், முன்னால் நிற்பவன் சுருளி, வருவதாகச் சொன்ன பெரிய மனிதர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார் என்றெல்லாம் பஞ்சவர்ணம் சொல்லியிருந்தாள். அவருக்குப் பதில் நீங்கள் வந்து ரிப்பன் வெட்ட முடியுமா என்று ஐலா அம்மாவிடம் கேட்டேன், உடனே சம்மதித்தார். பஞ்சவர்ணம் மூலம் சேதி போனது. பத்தாவது நிமிடம் என் போன் அடித்தது. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அவன் குரல்.

"மச்சான், நெசமாவா? வெள்ளக்கார அம்மா நம்ம ஊருக்கு வாராகளா?"

"வாராக மாப்ளே. அவுகளே ஒரு கவிஞர் பொறந்த ஊர்க்காரவுகதான்."

"நல்லபடியா முடியட்டும் மச்சான். புதன்கிழமை நான் மொத ஆளா வந்து நிப்பேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் வழியெல்லாம் ஐலா அம்மாவிடம் வளைகாப்பைப் பற்றித்தான் பேசினேன். ஏழாம் மாதம் வளையல் போட்டு, பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவோம், தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான், கோடீஸ்வரனாக இருந்தாலும் கூலிக்காரனாக இருந்தாலும் அதில் மாற்றமில்லை என்று விலாவாரியாகச் சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும்.

4. கத்தரிக்கோல்

வெள்ளிக்கிழமை காலை. மேளம், மாலை, பொன்னாடை எல்லாம் ஆயிற்று. ஆர்ச்சின் இரண்டு காலுக்கும் நடுவே சிவப்பு ரிப்பன். கும்மிப் பெண்கள் பதினைந்து பேர் ஒரே நிறச் சேலையில் நின்றார்கள். சுருளி புது வேட்டியில் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தான். ஐலா அம்மா கையில் தட்டிலிருந்து எடுத்த கத்தரிக்கோல்.

வெட்டுவதற்கு முன் தொழில் புத்தி அவரை விடவில்லை. "கவிராயர் எத்தனையாவது பிள்ளை?" என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"தலைச்சன்!" என்று கூட்டம் பெருமையோடு கத்தியது.

அதை நான் இங்கிலீஷில் சொன்னதும் அவர் என்னைப் பார்த்தார். "முதல் பிள்ளையா? அப்படியானால் இந்த ஊரில் பிறந்திருக்க முடியாதே, பாண்டி. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று நேற்று நீதானே சொன்னாய்?"

அத்தனை பேரும் என் வாயைப் பார்க்கிறார்கள். அங்கே அவர் பேசிய இங்கிலீஷ் பிடிபட்டது எனக்கு மட்டும்தான். எனக்குப் புதன்கிழமை ஞாபகம் வந்தது. முதலாளியின் பாடமும் ஞாபகம் வந்தது.

"ஆர்ச்சு ரொம்ப அழகா இருக்குன்னு சொல்றாக!" என்றேன்.

படபடவென்று கைதட்டல். ஐலா அம்மா கத்தரிக்கோலைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"இருபத்தேழு வருடம் கூட்டத்துக்கு முன்னால் நின்றவள் நான். எந்த வாக்கியத்துக்குக் கைதட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். நான் சொன்னது அந்த மாதிரி வாக்கியம் இல்லை. சரியாகச் சொல்."

வேறு வழியில்லாமல் சொன்னேன். மேளக்காரர் அடித்த கை அப்படியே நின்றது. கும்மிப் பெண்களில் மூத்தவரான ஒச்சம்மா முதலில் வாயைத் திறந்தார்.

"நாயந்தானப்பா! தலைச்சம் புள்ளைய எவ புருசன் வீட்டுல பெத்தா? இந்த ஊருல இருக்க ஆம்பளைக அம்புட்டுப் பேரும் தலைப்புள்ளைக்கு மாமனார் வீட்டுக்குப் போயித்தான மொகம் பாத்தீக?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஆண்கள் ஆர்ச்சை அண்ணாந்து பார்த்தார்கள்.

"அவர் அம்மாவுக்கு எந்த ஊர்? என்ன பெயர்?" என்று ஐலா அம்மா கேட்டார். ஊர் தெரிந்தது. நாலு கிலோமீட்டரில் இருக்கும் கள்ளிமேடு. பெயர்தான் ஒருவருக்கும் தெரியவில்லை. கவிராயரின் அப்பா, தாத்தா, பூட்டன் வரை ஒப்பித்தார்கள். பெற்றவள் பெயர் மட்டும் வரவில்லை.

சுருளி என்னை ஓரமாக இழுத்தான். "யாரைக் கூட்டியாந்திருக்கீக மச்சான்? பத்திரிகையில கவுத்தது பத்தாதுன்னு இங்கனயும் கவுத்துப்புட்டீகளே!"

புதன்கிழமை போய்விட்டது என்று நினைத்தேன்.

ஐலா அம்மா மட்டும் காரின் பின் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். "கள்ளிமேட்டுக்குப் போ" என்றார்.

5. கேட்டால்தானே

என் வண்டிக்குப் பின்னால் இரண்டு வேன், ஒரு டிராக்டர், பத்துப் பதினைந்து பைக். கள்ளிமேட்டில் விசாரித்தோம். கவிராயரின் தாய்மாமன் வீடு இருந்த இடத்தைக் கைகாட்டினார்கள். போய்ப் பார்த்தால் கிரில் பட்டறை. அதே ஆர்ச்சைச் செய்துகொடுத்த பட்டறை!

வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பட்டறைக்காரர் மூக்கையா வெளியே வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் ஆர்ச்சு சாய்ந்துவிட்டதோ என்று பயந்துபோனார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"அவுக ஆத்தா பேரு பேச்சியம்மா. எங்க தாத்தாவுக்கு அத்தை. இந்தா, கட்டிங் மிசின் நிக்கிற எடத்துலதான் வீடு இருந்துச்சு. இங்கனதான் பொறந்தாரு, அஞ்சாம் மாசம்தான் ஓடைக்கரைப்பட்டிக்குத் தூக்கிட்டுப் போனாக. ஆர்ச்சுல எழுத்து வெட்டும்போதே மனசுக்குள்ள உறுத்துச்சு."

"பெறகு ஏன் சொல்லல?" என்றான் சுருளி.

"யாரும் கேக்கலயேப்பா. விழாவப் பத்தி தாய்மாமன் வீட்டு ஆளுகளுக்கு ஒரு தாக்கல்கூடச் சொல்லல. நாமளாப் போயி என்னன்னு சொல்றது?"

சுருளி உள்ளே போய்க் கட்டிங் மெஷின் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு வந்தான். பிறகு, "தாய்மாமன் வீட்டை மறந்துட்டு விழா நடத்தப் போயிட்டோம்" என்றான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான்.

ஒன்றரை வருடமாக நான் சொல்ல வேண்டியிருந்ததை அங்கேதான் சொன்னேன். "தப்புத்தான் மாப்ளே. ப்ரூப் பாத்திருக்கணும். மனசுல வச்சுக்கிராத." அவன் என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினான். நடந்தது புரியாமலே ஐலா அம்மா கைதட்டினார்.

மூக்கையா கேஸ் கட்டரோடு ஓடைக்கரைப்பட்டிக்கு வந்தார். 'பிறந்த' என்ற எழுத்துகளை அறுத்து எடுத்துவிட்டு, 'வளர்ந்த' என்று வைத்து வெல்டு செய்தார். மேலே ஒரு தகட்டில் 'பேச்சியம்மாள் மகன்' என்று வந்தது. அறுத்த எழுத்துகள் வீணாகவில்லை, பட்டறை வாசலில் ஒரு சின்னப் போர்டுக்கு ஏறிவிட்டன. சாயங்காலம் நாலு மணிக்கு ஐலா அம்மா ரிப்பன் வெட்டினார். சூடு ஆறாததால் ஆர்ச்சை யாரும் தொடவில்லை.

புதன்கிழமை சுருளி முதல் ஆளாக வந்தான். ஏழு தட்டுச் சீர், கைகொள்ளாத வளையல். வாட்ஸ்அப்பில் அனுப்பிய அழைப்பில் அவன் பெயர்தான் முதல் வரி. மூன்று தடவை ப்ரூப் பார்த்தேன். மருமகள் முத்துலட்சுமிக்கு வளையல் போட்டுவிட்டு, வயிறு நிறையச் சாப்பிட்டு, வெற்றிலையோடு வாசலுக்கு வந்தவன் எங்கள் வீட்டுக் கேட்டை மேலும் கீழும் அளந்தான்.

தம்பிகளே, இப்போது என் பாடம் இதுதான். பார்ட்டி கேட்பது தெரியாவிட்டால் "தெரியாது, கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு வண்டியை நிறுத்திக் கேளுங்கள். தெரிந்தவர் பக்கத்திலேயே இருப்பார், நாம் கேட்கட்டும் என்று காத்திருப்பார். ஓடைக்கரைப்பட்டி ஆர்ச்சைப் பார்த்து "இங்கேதான் பிறந்தாரா?" என்று கேட்கிற பார்ட்டியை நான் கள்ளிமேட்டுக்கும் கூட்டிப் போகிறேன். மூக்கையா டீ வாங்கித் தருவார்.

அன்றைக்குக் கேட்டை அளந்து முடித்துவிட்டு சுருளி சொன்னான்: "மச்சான், இந்தக் காம்பவுண்டு சுவரைக் கொஞ்சம் உள்ள தள்ளிக் கட்டுங்க. நாளைக்கு எம் பேரப்புள்ள பெரிய ஆளாயிருச்சுன்னா, அதுக்கு ஆர்ச்சு இங்கனதான வைக்கணும்!"

தள்ளிக் கட்டிவிட்டேன்.