இருபத்தேழாம் எண் முத்திரை

வெங்கடம்மாளின் முத்திரை எண் 27. ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய ரப்பர் முத்திரை அது. ஓசூரில் வண்டிகளுக்கான வினையூக்கி செய்யும் ஓர் ஆலையில், எடை மேசைக்கு வந்த நாளில் அதை அவரிடம் கொடுத்தார்கள். நாள் 13-6-2016, திங்கட்கிழமை. அந்த ஆலையின் தரப் பதிவேடுகளை முப்பத்துநான்கு ஆண்டுகள் நான் வைத்திருந்தேன். இங்கே வரும் தேதிகளும் எடைகளும் அவற்றில் உள்ளவை.

வெங்கடம்மாளுக்கு ஊர் உத்தனப்பள்ளி. கணவர் திம்மராயன் ஒன்றரை ஏக்கரில் தக்காளியும் கொத்தமல்லியும் போடுகிறார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய வெங்கடம்மாள், முப்பத்தொன்பதாம் வயதில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலைக்கு வந்தார். வீட்டில் தெலுங்கு, ஆலையில் தமிழ், சந்தையில் கன்னடமும் பேசுவார். மூன்றிலும் குரலைத் தாழ்த்திப் பேசத் தெரியாது.

வேலை இதுதான். தேன்கூடு போல நுண்ணிய துளைகள் உள்ள பீங்கான் கட்டியை 'பிரிக்' என்பார்கள். பல்லேடியமும் ரோடியமும் மிகச் சிறிதளவு கலந்த வெள்ளைக் கூழில் அதை முக்கி எடுத்து உலையில் சுடுவார்கள். வண்டியின் புகைக்குழாய்க்குள் அது உட்காரும். இஞ்சினிலிருந்து வரும் நச்சுக் காற்று துளைகளுக்குள் நுழைந்து, பெரும்பாலும் கேடு குறைந்த காற்றாக மாறி வெளியே போகும். உலோகம் எரிந்து தீர்வதில்லை; தன் இடத்தில் இருந்தபடியே மாற்றத்தை நடத்துகிறது. ஆனால் பூச்சு குறைந்தால் புகை மாறாமலே போய்விடும். வெளியே இருந்து பார்த்து எவராலும் கண்டுபிடிக்க முடியாது. எடைதான் சாட்சி. முக்குவதற்கு முன் ஓர் எடை, சுட்ட பின் ஓர் எடை. வித்தியாசம் 102 கிராமுக்குக் குறையக் கூடாது. பதிவேட்டில் எடை போட்டவரின் முத்திரை விழாமல் எந்தத் தொகுதியும் பேக்கிங்குக்குப் போகக் கூடாது.

30-10-2023 அன்று அறிவிப்புப் பலகையில் நிரந்தரம் ஆக்கப்படுவோர் பட்டியல் ஒட்டினார்கள். ஒன்பது பெயர்கள், நான்காவது வெங்கடம்மாள். டிசம்பர் முதல் தேதி ஆணை தருவதாக இருந்தது. ஏழு ஆண்டுகளாக அவர் கேட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான்.

நவம்பர் 9, வியாழன். முந்தைய மூன்று நாள்களாக மழை. புதன்கிழமை உலையிலிருந்து வந்த 480 பிரிக்குகளைக் காற்றுப் புகாத பெட்டியில் ஆறவைத்திருக்க வேண்டும். பெட்டிக் கதவின் ரப்பர் கிழிந்திருந்ததால் திறந்த தள்ளுவண்டிகளிலேயே விட்டிருந்தார்கள். வியாழன் காலை ஏழேகாலுக்கு வெங்கடம்மாள் முதல் பத்தை எடை போட்டார். எல்லாம் 105, 106.

தயாரிப்பு மேலாளர் கமலக்கண்ணன் மதுரைக்காரர். வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எண்களைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"அப்பாடா! நேத்து ஸ்லரி தண்ணியா இருந்துச்சேன்னு பயந்துட்டேன். முத்திரையப் போடுங்கம்மா, வாசல்ல லாரி நிக்குது."

வெங்கடம்மாள் ஒரு பிரிக்கைக் கையில் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கீழே வைத்தார்.

"கூழு தண்ணியா இருந்தா பூச்சு கொறையணும். இங்க எடை ஏறி நிக்குதே, எப்படி சார்?"

"ஏறினா நல்லதுதானம்மா."

"இது தண்ணி குடிச்சிருக்குது சார்."

"பீங்கான் தண்ணி குடிக்குமா? நீங்க என்ன கெமிஸ்ட்ரி படிச்சீங்களா?"

"கொத்தமல்லி படிச்சிருக்கிறேன்."

எடை மேசையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. சந்தைக்குக் கொண்டுபோகும் முன் கொத்தமல்லிக் கட்டுகளைத் தண்ணீரில் முக்கி எடுப்பது சிலருடைய வழக்கம். தழை பசுமையாகத் தெரியும், தராசிலும் கனம் காட்டும். திம்மராயனும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தார். சண்டை போட்டு அதை நிறுத்தியவர் வெங்கடம்மாள். ஈரக் கட்டின் கனம் அவர் கைக்குத் தெரியும். பிரிக்கின் மேல் உள்ள பூச்சு மழைக்காற்றின் ஈரத்தை உறிஞ்சும். சுட்ட பிரிக்கை மூடி ஆறவைத்து, வெளியே எடுத்த நான்கு நிமிடத்துக்குள் எடை போட வேண்டும் என்று விதி எழுதியதே அதற்காகத்தான்.

"பத்துப் பிரிக்கை மறுபடி உலையில போட்டு எடுத்து எடை போடுவோம் சார்."

"உலையில அடுத்த தொகுதி போயிட்டிருக்கு. நேரமில்ல."

"அப்ப என் நம்பர் விழாது."

கமலக்கண்ணன் பக்கத்து மேசைக்குத் திரும்பினார். அங்கே லாவண்யா, முத்திரை எண் 31. அவள் பெயரும் அதே பட்டியலில் ஏழாவதாக இருந்தது.

"நீ போடும்மா."

லாவண்யா வெங்கடம்மாளைப் பார்த்தாள். "அக்கா எடை போட்டது சார். நான் போடாததுக்கு நான் எப்படி…" என்று இழுத்தவள், முத்திரையை மேசை இழுப்பறைக்குள் தள்ளி மூடினாள்.

கமலக்கண்ணனின் குரல் மாறியது. "ஒண்ணாம் தேதி அந்த லிஸ்ட்டுக்கு ஆர்டர் வருது, ஞாபகம் இருக்கா?"

"இருக்குது சார். அந்த லிஸ்ட்ல என் பேரு இருக்குது. இந்தப் பிரிக்கு கணக்குலயும் என் நம்பரு இருக்கும். வண்டி பின்னாடி புகையைத் தின்னுக்கினு போறவன் என் பேரைச் சொல்லித் திட்ட மாட்டான், அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே."

லாரி இரண்டு மணி நேரம் நின்றது. கடைசியில் தலைமைப் பொறியாளர் வந்து பத்தை உலைக்கு அனுப்பினார். மூடி ஆறவைத்து, வெளியே எடுத்த நான்கு நிமிடத்துக்குள் வெங்கடம்மாளே எடை போட்டார். மிக அதிகம் 98.1, மிகக் குறைவு 96.4. அத்தனையும் வரம்புக்குக் கீழே. 480 பிரிக்குகளும் இரண்டாம் முக்குக்குத் திரும்பின. லாரி வெறுமையாகப் போனது. மறுநாள் மாலை அதே தொகுதி 104 காட்டியது. அப்போது 27 விழுந்தது.

டிசம்பர் முதல் தேதி எட்டுப் பேருக்கு ஆணை வந்தது. லாவண்யாவுக்கும் வந்தது. வெங்கடம்மாளுக்கு வரவில்லை. காரணம் கேட்டார். மனிதவள அதிகாரி கோப்பிலிருந்து வாசித்தார்: "மேற்பார்வைக்குக் கட்டுப்படாதவர்."

"தேதி போட்டிருக்குதா?"

"போட்டிருக்கு. நவம்பர் ஒன்பது."

"சரிதான். கையெழுத்துப் போட்டு எனக்கு ஒரு நகல் குடுங்க."

நகல் தரவில்லை. ஜனவரியில் அவர் கிருஷ்ணகிரிக்குப் போய்த் தொழிலாளர் துறையில் மனு கொடுத்தார். ஐந்து முறை விசாரணை நடந்தது. ஐந்துக்கும் விடுப்பு எடுத்துப் போனார்.

மூன்றாவது விசாரணைக்கு முன் ஆலையிலிருந்து சமாதானம் வந்தது. 'எடை குறித்து நான் தவறாகப் புரிந்துகொண்டு பணியை நிறுத்தினேன்' என்று ஒரு கடிதம் கொடுத்தால் மறுவாரமே ஆணை தருவார்கள். திம்மராயனுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது.

"ஒரு காகிதந்தானே. எழுதிக் குடுத்துட்டு வந்துடேன்."

"நனைச்ச கட்டை வித்தவரு வேற என்ன சொல்லுவீங்க?" என்றார் வெங்கடம்மாள். அதன்பிறகு அந்த வீட்டில் கடிதத்தைப் பற்றிப் பேச்சில்லை.

18-2-2025, ஐந்தாவது விசாரணை. ஆலைத் தரப்பு புதிதாக ஒரு வாதம் வைத்தது: பிரிக்குகள் சரியில்லை என்று இவர் எழுத்தில் எதுவும் தரவில்லை, வேலையைத் தாமதப்படுத்தினார், அவ்வளவே. அதிகாரி வெங்கடம்மாளைப் பார்த்தார்.

"எழுத்துல ஏதாவது குடுத்தீங்களாம்மா?"

"பதிவேட்டைத் திறங்க சார். நூத்திப் பதினெட்டாம் பக்கம்."

ஆலையிலிருந்து கொண்டுவந்திருந்த பதிவேட்டைத் திறந்தார்கள். நவம்பர் 9, காலை: எடைகள் நிரம்பியிருந்தன, முத்திரைக் கட்டம் காலி. அதே பக்கத்தின் கீழே நவம்பர் 10, மாலை: அதே தொகுதி எண், இரண்டாம் முக்கு, முத்திரை 27.

"மேல காலியா இருக்குது பாருங்க, அதுதான் நான் எழுதினது," என்றார் வெங்கடம்மாள். "ஏழு வருசத்துல அந்தக் கட்டம் காலியா இருக்கிற பக்கம் வேற இருந்தா காட்டச் சொல்லுங்க."

ஆலைத் தரப்பினர் அந்தப் பதிவேட்டை முன்னும் பின்னும் புரட்டினார்கள். காட்டவில்லை. வேறு பக்கம் இல்லை என்பது எனக்கு முன்பே தெரியும்.

12-3-2025 அன்று ஆலையிலிருந்து நிரந்தர ஆணை வந்தது. கடிதம் எதுவும் கேட்கவில்லை. வெங்கடம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே முழுவதையும் படித்தார். பணி நிரந்தரம் 1-4-2025 முதல் என்று இருந்தது.

"என்னோட லிஸ்ட்ல இருந்தவங்களுக்கு 2023 டிசம்பர்."

"அக்கா, வந்ததே பெரிசு. கையெழுத்தைப் போட்டுட்டு வா," என்றாள் லாவண்யா.

வெங்கடம்மாள் கையெழுத்துப் போட்டார். அதன் கீழே, 'ஆணையைப் பெற்றுக்கொண்டேன். தேதியை ஏற்கவில்லை' என்று எழுதினார். பிறகு சோற்றுப் பையிலிருந்து முத்திரையை எடுத்து, மையில் ஒற்றி, எழுதிய வரியின் பக்கத்தில் குத்தினார். அந்தக் காகிதத்தில் முத்திரைக்கு இடமே இல்லை. மனிதவள அதிகாரி அதைச் சொன்னார்.

"இப்ப இருக்குது," என்று சொல்லிவிட்டு எடை மேசைக்குப் போனார். தேதிக்கான மனுவைக் கிருஷ்ணகிரியில் கொடுத்திருக்கிறார். முதல் விசாரணைக்கு விடுப்பும் எழுதியாயிற்று.