தோளில் ஒன்று, குதிகாலில் ஒன்று

முப்பது வருஷமாகத் தகரக் கூரை போடுகிறவரை ஊர் வேறு எப்படிக் கூப்பிடும்? தகரம் என்றுதான் கூப்பிட்டது. அவரும் கோபித்துக்கொண்டதில்லை. குடோன், பஸ் ஷெட், மாவு மில் என்று எந்தக் கூரையானாலும் ஏணி வைத்து ஏறிவிடுவார். உச்சி வெயிலில் பனியனைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு ஸ்குரூ முடுக்குவார். "சட்டையைப் போட்டுக்கிட்டு வேலை செய்யுங்களேன்" என்று பெண்டாட்டி சொன்னால், "வெயிலும் நானும் சம்பந்திங்கடி" என்பார். வாய்க்கு மட்டும் குறைச்சலே கிடையாது.

அந்தச் சம்பந்திதான் ஒருநாள் வேலையைக் காட்டியது. இடது தோளில் கன்னங்கரேலென்று ஒரு மச்சம், ஓரமெல்லாம் பிசிறடித்துப் பரவிக்கொண்டிருந்தது. முதுகுக்குத் தைலம் தேய்க்கும்போது அதைக் கண்டுபிடித்தவள் பெண்டாட்டிதான். வரமாட்டேன் என்றவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். மெலனோமா, தோலில் வருகிற புற்றுநோய் என்றார் டாக்டரம்மா. நல்லவேளை, மேலோடு இருந்தது, வெட்டி எடுத்துவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து உடம்பு முழுக்கக் காட்டணும், புதுசாக எது தெரிந்தாலும் அன்றைக்கே வரணும் என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு புண்ணியவான், "இது திரும்பி வந்துச்சுன்னா ஆளு அவ்வளவுதான்" என்றான். டாக்டரம்மா சொன்னது காற்றோடு போனது, பெஞ்சு சொன்னது வேதவாக்காகிவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து, பித்தவெடிப்புக்குக் களிம்பு தடவக் காலை மடக்கியபோது பார்த்தார். வலது குதிகாலின் பின்பக்கம் மிளகளவில் கறுப்பாக ஒன்று. தோளில் வெட்டியது காலில் இறங்கிவிட்டது என்று, யாரையும் கேட்காமல் தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

இந்த மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது! ஷெட்டில் இரண்டு இடத்தில் ஒழுகினால், மேலே ஓட்டை ஒன்றுதான் இருக்கும் என்று எந்த முதலாளியும் சொல்லிவிட முடியாது. "ஏறிப் பாக்காம எப்படிங்க சொல்றீங்க? அது வேற ஓட்டை, இது வேற ஓட்டையா இருக்கும்" என்று சண்டைக்கே போவார். தன் உடம்பு என்றதும் அந்தப் புத்தி எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை.

சாவது நிச்சயம், அதைப் பெண்டாட்டியிடம் சொல்லி இப்போதே ஏன் அழவைக்க வேண்டும் என்று நினைத்தார். வெடிப்பைச் சாக்காக வைத்து வீட்டுக்குள்ளும் சாக்ஸ் போட ஆரம்பித்தார். பரிசோதனைக்குப் போகிற நாள் வந்தால், பெரிய குடோன் வேலை, விட்டுவிட்டு வரமுடியாது என்று தட்டிக்கழித்தார். அவள் முகத்தைப் பார்த்துச் சிரிக்க மட்டும் மறக்கவில்லை. பாவம், உள்ளுக்குள் செத்துச் செத்துப் பிழைத்தார்.

எட்டு மாதம் அப்படியே ஓடியது. தொடை இடுக்கில் நெல்லிக்காய் போலக் கட்டி வந்து, ஏணிப்படியில் காலைத் தூக்கி வைக்க முடியாமல் போனபோது குட்டு வெளிப்பட்டது.

டாக்டரம்மா காலிலிருந்தும் கட்டியிலிருந்தும் சதை எடுத்து, பத்திரப்படுத்தி வைத்திருந்த பழைய தோள் மச்சத்தோடு சேர்த்து ஜீன் பரிசோதனைக்கு அனுப்பினார். மூன்று வாரம் கழித்துப் புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரையும் எதிரே உட்காரவைத்தார்.

"தோள்ல இருந்தது திரும்பி வரவே இல்லைங்க. அது அன்னைக்கே முடிஞ்சு போச்சு."

தகரம் திருதிருவென்று விழித்தார். "அப்போ கால்ல இருக்கிறது?"

"அது தனியா, புதுசா வந்தது. தோள்ல இருந்ததுல ஒரு ஜீன் கெட்டிருந்தது. கால்ல அந்த ஜீன் நல்லா இருக்கு, வேற ஒண்ணு கெட்டிருக்கு. அதுக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. ஆனா கால்ல இருந்ததுதான் இப்போ கட்டியா வந்திருக்கு. ஸ்கேன்ல பாத்தா நுரையீரலுக்கும் போயிருக்கு. தோள்ல இருந்த ரகத்துக்கு நல்ல மாத்திரை இருக்கு, இதுக்கு அது கேக்காது. வேற மருந்து போட்டுப் பாப்போம்."

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா?" என்று கேட்டார் தகரம்.

"சின்னதா இருந்தப்பவே வந்திருந்தா, அனேகமா தோள்ல மாதிரியே வெட்டி எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்போம்" என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்து, சுவரோரம் போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். தகரம் பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டார்.

"எட்டு மாசமா எனக்குத் தெரியும்டி. பழசுதான் திரும்பிடுச்சுன்னு நினைச்சேன். உன்னை அழவைக்க மனசு வரல. புத்தி கெட்டுப் போய்ட்டேன். என்னை நாலு வார்த்தை நல்லாத் திட்டிடு."

அவள் திட்டவில்லை. அவர் கைக்குள்ளிருந்து தன் கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

"நானும் பாத்தேங்க" என்றாள். "ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், நீங்க தூங்கும்போது சாக்ஸ் நழுவிக் கிடந்துச்சு. பழசுதான் வந்துடுச்சு, இனி அவ்வளவுதான்னு நானும் நினைச்சேன். பின்பக்கம் இருக்கிறதால உங்க கண்ணுல படலை, தெரியாத வரைக்கும் நிம்மதியா இருக்கட்டும்னு, நான்தாங்க சாக்ஸை மேல இழுத்து விட்டேன்."