வெர்னாவின் சுற்றுக்கணக்கு

1988 அக்டோபர் 3 – எல்மர் – 14,206
1989 பிப்ரவரி 20 – வெர்னா – 12,870
1989 நவம்பர் 6 – எல்மர் – 11,031
1990 செப்டம்பர் 17 – வெர்னா – 10,240
1991 டிசம்பர் 9 – எல்மர் – 9,114

இந்தத் தொகைகள் பணமல்ல, சுற்றுகள். ‘பாதாளம்’ என்ற கணினி ஆட்டத்தில் இறங்கி, அடித்தளத்தில் கிடக்கும் கல்லை எடுத்துக்கொண்டு உயிரோடு மேலே வர எத்தனை சுற்று பிடித்தது என்ற கணக்கு. எண் குறைந்தவர் வென்றவர். மிச்சிகனில் எல்மர் ராட்டிகைனன், மினசோட்டாவில் வெர்னா தோலெஃப்சன். இருவரும் முகம் பார்த்ததில்லை, தபாலில்தான் மோதிக்கொண்டார்கள். பட்டியல் எல்மர் வசம் இருந்தது. அச்சடித்த தாள் வேண்டும், இல்லாவிட்டால் கண்ணால் பார்த்தவரின் கையெழுத்து வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம்.

வெர்னா ஊர்க் கல்லூரியில் சம்பளக் கணக்கு எழுதுபவள். வேகத்துக்குப் பேர்போனவள். தேவாலயத்தில் ஞாயிறு காப்பி முடிவதற்குள் பாதிக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்திருப்பாள். அவள் சுடும் ரொட்டி நடுவில் மாவாகவே இருக்கும். கணவர் ஆர்விட் எதிர்மாறு. டிராக்டரை விட்டு இறங்கவே அவருக்கு ஒரு பொழுது வேண்டும். “எங்க வீட்டுல காப்பி குடிக்கணும்னா கோப்பைய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கணும். ஒரு கை எடுத்தா போச்சு, கழுவிடுவா” என்று பக்கத்துப் பண்ணைக்காரர்களிடம் சொல்லுவார்.

சம்பள வேலைக்காக அவள் மேசையில் ஒரு முனையத்தை, அதாவது கல்லூரி முழுவதற்கும் பொதுவான பெரிய கணினியோடு இணைந்த திரையையும் விசைப்பலகையையும், வைத்தார்கள். அதே இயந்திரத்தில் மாணவர்கள் யாரோ ஆட்டத்தையும் ஏற்றியிருந்தார்கள். கறுப்புத் திரையில் பச்சைப் புள்ளிகள். அதில் ‘@’ என்ற குறி அவள், மற்ற எழுத்துகள் எல்லாம் மிருகங்கள். முதல் மாதம் அவள் செத்த வேகத்தைச் சொல்லி மாளாது. விசைகளைத் தட்டச்சுப் போட்டிபோல அடித்துக்கொண்டே போய்ப் பூதத்தின் வாயில் விழுவாள். ஒருநாள் தொலைபேசி மணி அடித்து, இருபது நிமிடம் பேசிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பூதம் ஓங்கிய கையோடு அப்படியே நின்றிருந்தது. அவள் விசையைத் தொடாத வரை அந்த உலகத்தில் ஓர் இலை அசையாது என்பது அன்றுதான் அவளுக்கு உறைத்தது. அதன்பின் மதிய உணவு நேரம் முழுவதும் ஒரே ஒரு விசைக்காக யோசித்த நாட்களும் உண்டு.

அந்த உலகத்தில் நேரம் ஒரு விசித்திரக் கூலி. சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வோர் உயிருக்கும் அதன் வேகத்துக்கு ஏற்ற புள்ளி கிடைக்கும். நடப்பதோ கடிப்பதோ எறிவதோ, எந்தச் செயலுக்கும் விலை பன்னிரண்டு. மீதி அடுத்த சுற்றுக்குச் சேரும். சாதாரண மனிதனுக்குப் பன்னிரண்டு, ஆகவே சுற்றுக்கு ஒரு செயல். வெர்னா ஓட்டப் பூட்ஸ் மாட்டியிருந்தாள், அவளுக்குப் பதினாறு. மீதி நான்கு நான்காகச் சேர்ந்து, மூன்றாவது சுற்றில் இரண்டு செயல் கிடைக்கும். நாய்க்குப் பதினெட்டு. அது ஒரு சுற்றில் ஒன்று, அடுத்த சுற்றில் இரண்டு என்று மாறி மாறிச் செய்யும். சாப்பாடு மட்டும் யாருக்கும் ஒரே சுற்றில் முடியாது. ஒரு கருவாட்டுக்கு ஐந்து சுற்று. அதனால் வெர்னா ஆட்டத்தில் பட்டினி கிடந்தே ஏறினாள். எல்மரின் 9,114 வந்தபின் ஆறு மாதமும் நிஜத்தில் பன்றி இறைச்சி ரொட்டியை மென்றுகொண்டே அந்தப் பட்டினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

1992 ஜூன் முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குப் பழைய இயந்திரத்தை நிறுத்துவது என்று கல்லூரி முடிவு செய்தது. புதிய கணினிகளில் பாதாளம் ஓடாது. அன்று மாலை நான்கே காலுக்கு வெர்னா 9,105ஆம் சுற்றில் இருந்தாள். வெளியே போகும் கடைசிப் படிக்கட்டு இரண்டடி இடப்பக்கம். எல்மரை வெல்ல இன்னும் எட்டுச் சுற்று கையில் இருந்தது.

அன்றைக்கென்று பேராசிரியர்கள் எல்லாரும் தங்கள் கோப்புகளை ஒரே நேரத்தில் நகல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இயந்திரம் மூச்சுத் திணறியது. விசையைத் தட்டினால் அரை நிமிடம் கழித்துத்தான் திரையில் அசைவு தெரிந்தது. வெர்னாவின் பழைய கை விழித்துக்கொண்டது. தட்டியது பதியவில்லை என்று நினைத்து இடப்பக்கம், இடப்பக்கம் என்று நான்கு தடவை தட்டிவிட்டாள். நான்கும் பதிந்திருந்தன. ‘@’ படிக்கட்டைத் தாண்டி இரண்டடி போய் நின்றது. கதவிடுக்கிலிருந்து ஒரு நாய் ஒரு சுற்றில் இரண்டடி பாய்ந்து வந்து, அடுத்த சுற்றில் ஒரு கடி கடித்தது. உயிர் ஒன்பதிலிருந்து நான்காக இறங்கியது. அந்த நாயின் கடி நான்குக்குக் குறையாது. சுற்று 9,108.

வெர்னா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

இயந்திரத்தை நிறுத்த வேண்டிய லீலண்ட் பின்னால் வந்து நின்றான். “ஓடுங்க வெர்னா. ரெண்டே அடி.”

“ஓடினா செத்தேன்.”

“அது சும்மாதானே நிக்குது.”

“நான் தொடாத வரைக்கும் நிக்கும்.”

“நாய் நிக்கும், கடிகாரம் நிக்காது. அஞ்சு மணிக்குப் பொத்தானை அமுக்கணும். நான் சம்பளக்காரன்.”

“அந்தச் சம்பளத்தைப் போடுறது யாருன்னு யோசிச்சுட்டுப் பேசு.”

அவன் அவளுடைய மிச்ச ரொட்டியை எடுத்துத் தின்ன ஆரம்பித்தான். அவள் கவனிக்கவில்லை. இப்போது முடிந்தது நாய்க்கு ஒற்றைச் சுற்று என்றால் அடுத்தது இரட்டை. ஓரடி ஓடினால் ஒரு செயலில் கூட வரும், மறு செயலில் கடிக்கும். இதே நாய் ஒற்றைச் சுற்றில் இருந்தாலும் முதல் அடிக்குத்தான் கூட வருவதோடு சரி, இரண்டாம் அடியில் கடித்துவிடும். அவளுக்கோ நான்கு அடி மூன்று சுற்றில் போயிருக்கிறது. ஆகவே இரட்டை வந்து போய்விட்டது, இனி ஒன்று, ஒன்று, இரண்டு. பையில் ஒரே ஒரு கருவாடு. பசி மயக்கம் எந்தச் சுற்றிலும் வரலாம் என்று திரையே எச்சரித்துக்கொண்டிருந்தது. தானே தின்னலாம் என்றால் முதல் வாய் மெல்லுவதற்குள் கடி விழும்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கையை வெளியே எடுத்தாள். கருவாட்டை நாயிடம் எறிந்தாள். அரை நிமிடம் திரை அசையவில்லை. அவளும் இன்னொரு விசையைத் தொடவில்லை. பிறகு நாய் தின்னத் தொடங்கியது: 9,109. ஓரடி: 9,110. இன்னோர் அடியும் ஏற்றமும் ஒரே சுற்றில் அடங்கின: 9,111.

“மீன் கொடுத்து நாயை மடக்குறதுக்கு அரைமணி நேரமா?” என்றான் லீலண்ட்.

அச்சு இயந்திரத்தில் யாருடைய ஆய்வேடோ முந்நூறு பக்கம் முன்னால் நின்றது. ஐந்து மணிக்கு அவன் பொத்தானை அமுக்கினான். தாள் வரவில்லை. அவனிடமே கையெழுத்து வாங்கித் தபாலில் போட்டாள்.

ஜூலையில் எல்மரிடமிருந்து ஒரே கேள்வி வந்தது: ஏன் ஓடவில்லை? வெர்னா நான்கு பக்கம் பதில் எழுதினாள். அதன்பின் ஐந்து வாரம் தினமும் தபால் வண்டி வருமுன்பே சாலையோரத் தபால் பெட்டியருகே போய் நின்றாள். “பெட்டியத் தட்டினா சீக்கிரம் வருமா?” என்று ஆர்விட் கேட்டார்.

ஒருவழியாகக் கடிதம் வந்தது. தன் இயந்திரத்தில் அதேபோல் நாயை நிறுத்தி எல்மர் பதினோரு முறை சோதித்துப் பார்த்தாராம். ஓடிய தடவையெல்லாம் செத்தார். கருவாடு எறிந்த தடவையெல்லாம் 9,111. வெர்னாவின் பெயரை மேலே தட்டி, தன் பெயரை அடுத்த வரியில் தட்டியிருந்தார். தன் ஊரிலும் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள், இனி இந்தப் பட்டியலில் யாரும் ஏற முடியாது என்றும், மெதுவாக யோசிக்கும் பெண் என்றே இத்தனை வருடமும் அவளை நினைத்திருந்ததாகவும் எழுதியிருந்தார். ஆர்விட் அந்த வரியை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொன்னார். அந்தக் கடைசிக் கடிதம் வந்தது 1992 ஆகஸ்ட் 10, திங்கட்கிழமை.