முகப்பில் தெரியாத குழாய்

சீனுவாசனுக்குச் சுவரில் குழாய் தெரிந்தால் கண்ணில் தூசி விழுந்த மாதிரி. திண்டிவனத்தில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். தன் வீட்டைக் கட்டும்போது கொத்தனாரிடம் ஒன்றைத்தான் கண்டிப்பாகச் சொன்னார்: "எலிவேஷன்ல, முன்பக்கம் எங்கயும், ஒரு பைப்பு கண்ணுல படக் கூடாது." மொட்டைமாடியிலிருந்து இறங்கும் மழைக்குழாயைக்கூடத் தூணுக்குப் பின்னால் ஒளித்து, தரைக்கடியில் விட்டு, மேலே டைல்ஸ் ஒட்டியாயிற்று. அது எங்கே முடிகிறது என்று அப்புறம் யாரும் பார்த்ததில்லை.

இந்த மே மாதம் மகள் கலைப்பிரியாவின் அறைக்கு ஏசி வாங்கினார். ஏழு வயசுப் பிள்ளை. மூன்று மாதமாக வயிறு சரியில்லை. பத்து நாள் நன்றாக இருந்தால் மறுபடி வாந்தி, பேதி. விழுப்புரம் டாக்டரிடம் நான்கு முறை போய் வந்தார்கள். "வீட்ல தண்ணி எப்படி?" என்று டாக்டர் கேட்டதற்கு, "சுத்தமான தண்ணி சார்" என்றார் சீனுவாசன். பள்ளிக்கூட வாசலில் விற்பதைத் தின்றுதான் இப்படி என்பது அவர் முடிவு. "நான் திங்கவே இல்லப்பா" என்று பிள்ளை சாமி மேல் சத்தியம் பண்ணியபோது, பொய் வேறா என்று முதுகில் ஒன்று வைத்தார்.

ஏசி மாட்ட வானூரிலிருந்து தேவசகாயம் வந்தபோது, சீனுவாசன் மாடியில் புறாக்கூண்டைக் கழுவித் தள்ளிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்.

"ஏசி தண்ணி வெளிய போவ குடுத்திருக்கிற இந்த நெளி டியூப்பு வெயிலுக்கு ஒரே வருஷத்துல பொடிஞ்சிடும் சார். முக்கா இன்ச் பைப்பு போட்டு, செவுத்து கலரையே அடிச்சி வுட்டா யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்ண்ணே."

"அப்ப பொட்டியக் கடைக்கே திருப்பி அனுப்பிடலாமா?" தேவசகாயம் சிரித்தார்.

"தூணுக்குப் பின்னாடி மழைக்குழா இருக்குது பாருங்க, அதுல சொருவி வுடுங்க."

"அது எங்க போவுது?"

"கால்வாய்க்குத்தான். வேற எங்க போவும்?"

தண்ணீர் வெளியே வருவதைக் கண்ணால் பார்க்காமல் தேவசகாயம் கூலி வாங்க மாட்டார். குழாயை இணைத்ததும், சீனுவாசனின் மனைவி அம்சாவிடம் மஞ்சள்தூள் கேட்டு வாளித் தண்ணீரில் கரைத்தார்.

"இன்னாண்ணே, ஏசிக்கு மஞ்சத்தண்ணி ஊத்தறீங்களா?"

"கலரு இருந்தாத்தாம்மா எங்க வருதுன்னு தெரியும்."

சீனுவாசன் தெருக் கால்வாயோரம் குந்தினார். தேவசகாயம் குழாயில் அரை வாளி ஊற்றியும் வரவில்லை. முழு வாளியும் காலியானது. கால்வாய் காய்ந்தே கிடந்தது.

"அடைச்சிக்கிச்சா?"

"அடைச்சிருந்தா மேல எதுத்துக்கினு வரும் சார். இது எங்கயோ போய்க்கினு இருக்குது." வாசலைச் சுற்றி வந்த தேவசகாயத்தின் பார்வை, கார் நிற்கும் இடத்திலிருந்த தரைத்தொட்டி மூடியில் நின்றது. "ஜல்தியா இத்தத் தொறங்க."

செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தார்கள். உள்சுவரில் ஒரு குழாயின் வாய். அதிலிருந்து மஞ்சளாக ஒழுகி, கீழே கிடந்த தண்ணீரில் படர்ந்துகொண்டிருந்தது.

"இன்னாங்க..." அம்சா மாடியைக் காட்டினாள். "புறா..."

சீனுவாசன் மாடியை நிமிர்ந்து பார்த்தார். பொங்கலுக்கு வாங்கிய புறாக்கள். அன்றிலிருந்து தினம் காலையில் எச்சத்தையெல்லாம் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அந்தக் குழாயில்தான் தள்ளுகிறார், தன் கையால். இந்தத் தொட்டித் தண்ணீரில்தான் சமையல், பல் தேய்ப்பது, எல்லாம். பெரியவர்கள் கேன் தண்ணீர் குடிப்பார்கள். கலைப்பிரியா விளையாடிவிட்டு ஓடிவந்தால் குழாயில் வாயை வைத்தே குடிப்பாள்.

"மழைத்தண்ணி சேரட்டும்னு கொத்தனாரு வுட்டிருப்பாரு சார். புறா வரும்னு அவரு கண்டாரா?" என்றார் தேவசகாயம்.

சீனுவாசன் தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். வாசற்படியில் நின்ற கலைப்பிரியா மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப நான் திங்கலன்னு சொன்னது நெசந்தானப்பா?"

அவர் எழுந்து போய், அன்று அடித்த முதுகைத் தடவிக் கொடுத்தார்.

மோட்டாரை நிறுத்தி, தொட்டியை இறைத்துக் காலியாக்கச் சாயங்காலமானது. தேவசகாயம் மழைக்குழாயை அறுத்து, வீட்டு முகப்பின் குறுக்கே கால்வாய்வரை சாம்பல் நிறக் குழாய் போட்டார். ஏசி குழாயும் அதனோடே இறங்கியது. மறுபடி மஞ்சள் கரைத்து ஊற்றினார்கள். இந்த முறை கால்வாயோரம் குந்தியிருந்தது கலைப்பிரியா.

"வருதுப்பா!"

தேவசகாயம் பெயிண்ட் டப்பாவைத் திறந்து பிரஷ்ஷைத் தோய்த்தார்.

"வேணாண்ணே. எங்க போவுதுன்னு கண்ணுல பட்டுக்கினே இருக்கட்டும்," என்றார் சீனுவாசன்.